மும்பையில் நன்றாக எரிந்த அடுப்பு கோவையில் கரி பிடிக்கிறது: நாஸிலைச் சுத்தம் செய்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

வடவள்ளி வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகள் மும்பையில் இருந்துவிட்டு, கணவரின் பணிமாற்றம் காரணமாக இரண்டு மாதங்களுக்கு முன் கோவைக்குக் குடிவந்தோம். அங்கே குழாய் வழியாக எரிவாயு வந்தது. இங்கே எங்கள் தெருவுக்குக் குழாய் இன்னும் வரவில்லை என்பதால் சிலிண்டர் இணைப்பு வாங்கி, அங்கிருந்து கொண்டுவந்த மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பையே அதில் பொருத்திக்கொண்டோம்.

பொருத்திய நாளிலிருந்தே தீ சரியாக இல்லை. பெரிய பர்னரைத் திறந்தால் தீ பாத்திரத்தின் அடியில் நிற்காமல் பக்கவாட்டில் ஏறுகிறது. அடிப்பாகத்தில் கொஞ்சம் நீலம் தெரிகிறது, நுனி முழுவதும் மஞ்சளாக அலைகிறது. இட்லிக் கொப்பரையின் அடியைத் தொட்டால் விரலில் மை போல ஒட்டுகிறது. சிம்மில் வைத்தாலும் பால் பொங்கி வழிகிறது. அரை மணி நேரம் சமைத்தால் கண் எரிகிறது. என் மாமியார் வீட்டில் எங்களைப் போலவே நான்கு பேர், அவர்களுக்குச் சிலிண்டர் நாற்பது நாள் வருகிறது. எங்களுக்கு முதல் சிலிண்டர் இருபத்திரண்டு நாளில் தீர்ந்துவிட்டது.

அருகில் உள்ள பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். நாஸிலில் அடைப்பு இருக்கிறது என்று சொல்லி, ஸ்டவ் பின்னை எடுத்து மூன்று நாஸில்களையும் நன்றாகக் குத்திக் குடைந்துவிட்டுப் போனார். அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. இரண்டாவதாக வந்தவர் அடுப்பையே மாற்றிவிடச் சொல்கிறார். ஆறு வருடம் ஒரு குறையும் இல்லாமல் எரிந்த அடுப்பை எறிய மனம் வரவில்லை. நாஸிலை மட்டும் மாற்றினால் சரியாகுமா? மாற்றுவதென்றால் எந்த அளவில் வாங்க வேண்டும், அதை எப்படித் தெரிந்துகொள்வது? இனிமேல் அதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஸ்பேனர்

அம்மா, முதலில் அந்த அடுப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு பர்னர் மின்னடுப்போ இண்டக்‌ஷனோ இருந்தால் இரண்டு நாள் அதில் சமாளித்துக்கொள்ளுங்கள். நான் அடுப்பு பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. உங்கள் அடுப்பில் அடைப்பு எதுவும் இல்லை. அதில் இருப்பவை குழாய் எரிவாயுவுக்கான நாஸில்கள், அவற்றின் வழியாகச் சிலிண்டர் வாயு வந்துகொண்டிருக்கிறது.

நாஸில் என்பதை நாங்கள் கடையில் ஜெட் என்போம். சுண்டுவிரல் நுனி அளவுள்ள பித்தளைத் துண்டு, நடுவில் ஒரு துளை, அவ்வளவுதான். ஆனால் ஒரு பர்னர் அதிகபட்சமாக எவ்வளவு எரியலாம் என்பதை முடிவு செய்வது அந்தத் துளைதான். நாப்பைத் திருப்பி அதைக் குறைக்க மட்டுமே முடியும். அந்தத் துளையை எந்த அளவில் போடுவது என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: வரும் வாயு எது, அது எந்த அழுத்தத்தில் வருகிறது. வீட்டுச் சிலிண்டரின் ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய 29 மில்லிபாரில், வாயுவை வெளியே விடுகிறது. குழாய் எரிவாயு வீட்டு அடுப்புக்கு 21 மில்லிபாரில் வருகிறது. வாயுவும் வேறு: குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரே கன அளவு எடுத்துக்கொண்டால், சிலிண்டர் வாயுவில் உள்ள சூடு குழாய் வாயுவில் உள்ளதைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரும்.

ஆகவே குழாய் வாயுவில் அதே சூட்டைப் பெற வேண்டுமானால் துளையைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். சிலிண்டருக்கு 0.65 மில்லிமீட்டர் துளை இருந்த பர்னருக்குக் குழாய் வாயுவில் 0.95 அளவில் வரும். பார்வைக்கு இது மயிரிழை வித்தியாசம். ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், இந்த 0.30 மில்லிமீட்டரில் பரப்பு இரண்டு மடங்கையும் தாண்டிவிடுகிறது. அதே துளையில் சிலிண்டர் வாயுவை விட்டால், வர வேண்டியதைப்போல இரண்டு மடங்கு வாயு வந்து கொட்டும். உங்கள் சிலிண்டர் நாற்பது நாளுக்குப் பதில் இருபத்திரண்டு நாளில் தீர்ந்த கணக்கு இதுதான்.

கரி எங்கிருந்து வருகிறது என்பதற்குக் காற்றின் கணக்கைப் பார்க்க வேண்டும். மீத்தேன் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறக்குறைய பத்துப் பங்கு காற்று போதும். புரொப்பேனுக்கு 24 பங்கும் பியூட்டேனுக்கு 31 பங்கும் தேவை. ஜெட்டிலிருந்து வேகமாகப் பாயும் வாயுதான் பக்கத்தில் உள்ள காற்றை இழுத்துக்கொண்டு, இரண்டும் கலக்கும் மிக்ஸிங் டியூபுக்குள் போகிறது. வாயு இரண்டு மடங்காகும்போது அதற்கு வேண்டிய காற்றை அந்தக் குழாயால் இழுக்க முடிவதில்லை. எரியாத கார்பன் மஞ்சள் தீயாகத் தெரிந்து, பாத்திரத்தில் கரியாக ஒட்டுகிறது. கரி தெரிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் இருக்கும், அதற்கு மணமும் கிடையாது. அடுப்பை நிறுத்துங்கள் என்று முதல் வரியிலேயே எழுதியது இதனால்தான்.

ஸ்டவ் பின்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வுக்கு உரிய கருவி. அங்கே எண்ணெய் சூட்டில் ஆவியாகி வருவதால் நாஸிலின் வாயில் கரி கட்டும், குத்தித்தான் ஆக வேண்டும், நாஸிலும் அடிக்கடி மாற்றுகிற பொருளாகவே இருந்தது. கேஸ் அடுப்பில் ஜெட்டுக்கும் தீக்கும் இடையே ஒரு முழு மிக்ஸிங் டியூப் இருக்கிறது. ஜெட்டில் கரி கட்டுவதே இல்லை. எஃகுப் பின் பித்தளையைவிடக் கடினமானது, ஒவ்வொரு முறை குத்தும்போதும் துளையின் விளிம்பைச் சுரண்டும். 0.65 இருந்தது 0.70 ஆனாலே வாயு 16 சதவீதம் கூடிவிடும். துளை வட்டமாக இல்லாமல் போனால் வாயு நேராகப் பாயாது, காற்றை இழுப்பதும் கெடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுப்பின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் பட்டியைப் பாருங்கள். ஐ.எஸ். 4246 என்ற இந்தியத் தர எண் இருந்தால் அது சிலிண்டர் வாயுவுக்காகவே செய்யப்பட்டு, மும்பையில் குழாய்க்கு மாற்றப்பட்ட அடுப்பு. ஜெட்டை மாற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஐ.எஸ். 17153 என்று இருந்தால் அது குழாய் எரிவாயுவுக்கென்றே வடிவமைத்தது. பர்னரின் கண்களும் (தீ வரும் துளைகள்) மிக்ஸிங் டியூபும் அந்த வாயுவுக்கு ஏற்ப அமைந்தவை என்பதால், அதில் ஜெட்டை மட்டும் மாற்றிப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

எண்ணூர் காற்று

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது, ஆனால் இந்தக் கேள்விக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் வந்த பிறகு, சென்னையின் பல பகுதிகளில் குழாய் இணைப்பு மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. எங்கள் குடியிருப்புக்கும் வந்தது. இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் கையில் ஒரு சிறிய கைத்துரப்பணத்தையும் நான்கைந்து மெல்லிய துரப்பண ஊசிகளையும் வைத்திருந்தார். அடுப்பைக் கவிழ்த்து, ஜெட்டைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டே துளையைப் பெரிதாக்கி, ஊதிவிட்டு மாட்டினார். முழு வேலையும் பத்து நிமிடம்தான். தீ எரிந்தது, நாங்களும் மகிழ்ந்தோம்.

இரண்டு வாரம் கழித்து நடு பர்னரின் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிவதைக் கவனித்தேன். வேறு ஒருவர் வந்து ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டியபோது, துளையின் உள்விளிம்பில் பித்தளைச் சிம்பு ஒன்று சுருண்டு நிற்பது தெரிந்தது. துரப்பணம் கோணலாக இறங்கியிருந்தது. அடுப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் சொல்லி, குழாய் வாயுவுக்கென்றே துளையிட்டு வரும் ஜெட்டுகளை வரவழைத்து மாட்டிய பிறகுதான் தீ நேராக நின்றது. மூன்றுக்கும் ஆன செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குள் அடங்கிவிட்டது.

நான் செய்த ஒரு தவறை மற்றவர்கள் செய்யக் கூடாது என்பதற்காக இதையும் சேர்க்கிறேன்: துரப்பணம் போட விடாமல், பழைய ஜெட்டுகளை அப்படியே கழற்றி வாங்கி வைத்திருக்க வேண்டும். எங்காவது மாறிப் போகும்போது அவற்றை மீண்டும் மாட்டிக்கொண்டால் போதும். துளையைப் பெரிதாக்கிவிட்டால் சிறிதாக்க வழியே இல்லை. வடவள்ளி சகோதரியின் அடுப்பிலும் மும்பையில் துரப்பணம்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சம்பத் நகர் மெஸ்

ஈரோட்டில் பதினைந்து பேருக்குச் சமைக்கிற சிறிய மெஸ் நடத்துகிறேன். ஜெட் வாங்கப் போகும் சகோதரிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. உதிரிபாகக் கடைகளில் வீட்டு அடுப்பு ஜெட்டும், எங்களைப் போன்றவர்கள் 19 கிலோ சிலிண்டரில் வைத்து எரிக்கும் ஹை பிரஷர் பர்னரின் ஜெட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மரை ஒன்றாக இருந்தால் மாட்டிக்கொள்ளும், எரியவும் எரியும். ஆனால் எங்களுடையது பல மடங்கு அதிக அழுத்தத்துக்கான துளை. வீட்டு அழுத்தத்தில் அதை மாட்டினால் தீ சோம்பி நிற்கும். உடனே ஹை பிரஷர் ரெகுலேட்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வீட்டு அடுப்பின் வால்வும் ரப்பர் குழாயும் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படிச் செய்து, நாப்புக்குப் பின்னாலிருந்தே தீ வந்தது. யாருக்கும் காயம் இல்லாமல் தப்பித்தார்கள்.

வடவள்ளி வாசி

உடனே பதில் எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு, அடுப்பைத் துணி விரித்துக் கவிழ்த்தோம். அடியில் ஐ.எஸ். 4246 என்றுதான் பொறித்த தகடு இருக்கிறது. பக்கத்தில் சிலிண்டர் வாயுவுக்கு மட்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆறு வருடமாக ஒருமுறை கூட அதை வாசிக்கவில்லை.

கணவர் மூன்று ஜெட்டுகளையும் கழற்றினார். கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், தலையில் ஏதோ எண் இருந்த இடத்தை துரப்பணம் வழுக்கிக் கீறியிருக்கிறது. பெரிய பர்னரின் ஜெட்டில் துளை வட்டமாக இல்லை, முட்டை போல ஒரு பக்கம் நீண்டிருக்கிறது. எஃகுப் பின் துளையைச் சுரண்டும் என்று பழைய ஸ்பேனர் ஐயா எழுதியிருந்ததால், மகளின் பென் பென்சிலில் போடும் லெட் குச்சிகளை வைத்துப் பார்த்தோம். 0.7 குச்சி எல்லாவற்றிலும் தடையில்லாமல் விழுந்தது. வரைபடத்துக்காக அவள் வைத்திருக்கும் 0.9 குச்சி சின்ன பர்னரின் ஜெட்டில் நுழையவில்லை, மற்ற இரண்டிலும் உள்ளே போய் ஆடியது. பிறகு மாமியார் வீட்டு அடுப்பின் சின்ன பர்னர் ஜெட்டை வாங்கி வந்து அதே சோதனையைச் செய்தோம். அதில் 0.5 நுழைந்தது, 0.7 நுழையவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் முழுமையாக விளங்கியது.

இப்போது இரண்டு சந்தேகங்கள். மாமியார் அடுப்பின் ஜெட்டைப் பார்த்து அதே அளவில் உள்ளூர்க் கடையில் வாங்கிவிடலாமா, அல்லது எங்கள் அடுப்பின் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டுமா? நாங்களே மாட்டிக்கொள்ளலாமா?

பழைய ஸ்பேனர்

பென்சில் குச்சியை வைத்துப் பார்த்தது நல்ல யோசனை அம்மா. குச்சி உடைந்து ஒரு துணுக்கு உள்ளே நின்றுவிட்டால் ஜெட்டை வாயால் ஊதாமல், காற்றடிக்கும் கடையில் பின்பக்கத்திலிருந்து ஊதி எடுத்துவிடுங்கள். மாமியார் அடுப்பின் ஜெட்டைத் திருப்பி மாட்டும் முன்பும் இதைச் செய்துவிடுங்கள், மாட்டிய பிறகு அங்கேயும் சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள்.

உங்கள் அடுப்பின் நிறுவனத்திடமே வாங்குங்கள். காரணம் சொல்கிறேன். ஜெட்டின் துளை மட்டும் ஒத்தால் போதாது. அதன் நீளமும் மரையும் ஒத்திருக்க வேண்டும், துளையின் வாய் மிக்ஸிங் டியூபின் வாய்க்குள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நின்றாலும் காற்று இழுக்கும் அளவு மாறும். மேலும் மூன்று பர்னர் அடுப்பில் மூன்றுக்கும் ஒரே ஜெட் வராது. சின்னதுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, பெரியதுக்கு ஒன்று என்று வரும், இடம் மாற்றி மாட்டினால் சின்ன பர்னர் கரி பிடிக்கும், பெரியது சோம்பும். தகட்டில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பி, எல்.பி.ஜி. ஜெட் முழுத் தொகுப்பு வேண்டும் என்று கேளுங்கள். வந்ததும் தலையில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் துளையின் விட்டத்தை நூறின் பங்காகப் பொறிக்கும், 65 என்றால் 0.65 மில்லிமீட்டர். எண்ணே இல்லாத, மஞ்சள் மினுமினுப்பாக மட்டும் இருக்கும் ஜெட்டை நான் வாங்க மாட்டேன்.

மாட்டுவதைச் சேவை மையத்து ஆளிடமே விட்டுவிடுங்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெட்டைக் கையால் மரை பிடிக்க வைத்துவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும். பித்தளை மரை, கோணலாக ஏறினால் வால்வின் மரையும் சேர்ந்து போய்விடும். அதன் மேல் டெஃப்லான் டேப்பைச் சுற்றுகிறவர்களைத் தடுத்துவிடுங்கள். அதன் நூல் ஒன்று துளைக்குள் போய் நின்றால் அதைத் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். மாட்டி முடித்ததும் சோப்பு நுரையை ஜெட்டின் கழுத்திலும் குழாய் முனைகளிலும் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியை வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அதை உங்கள் சமையலறையில் அனுமதிக்காதீர்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். மும்பையில் நீங்கள் பயன்படுத்தியது லேசானது, மேலே ஏறிப் போய்விடும். ஆகவே அங்கே மேல்சன்னலைத் திறந்து பழகியிருந்தாலும், இங்கே தரைமட்டத்தில் காற்று போக வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல், கதவைத் திறந்து வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழைக்கலாம்.

சிம்மையும் பார்க்க வேண்டும். குழாய்க்கு மாற்றும்போது சிலர் வால்வின் சிம் துளையையும் பெரிதாக்கிவிடுவார்கள். ஜெட் மாற்றிய பிறகும் சிம்மில் பால் பொங்கினால், வால்வையே மாற்ற வேண்டியிருக்கும். சமையல் மேடையில் பதித்த ஹாப் வகையாக இருந்தால் நாப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய திருகு இருக்கும், சிலிண்டர் வாயுவுக்கு அதை முழுமையாக இறுக்கி வைப்பதுதான் வழக்கம்.

தாமிரபரணிக் கரை

நாஸில் தேர்வு பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள், பராமரிப்பு பற்றி நான் சொல்லலாம். எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருடமாக ஒரே அடுப்பு. பித்தளை பர்னர்களை வாரம் ஒருமுறை வெந்நீரில் புளியும் கல் உப்பும் போட்டு ஊறவைத்து, தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவுவேன். வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துத்தான் மாட்டுவேன். ஜெட்டைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய ஊசியால் ஒரு குத்துக் குத்துவதில் தவறில்லை என்பது என் அனுபவம். இத்தனை வருடத்தில் எங்கள் அடுப்பில் மஞ்சள் தீ வந்ததில்லை. பெரியவர் சொல்வது கொஞ்சம் அதிகப்படியான பயமோ என்று தோன்றுகிறது.

பழைய ஸ்பேனர்

புளி முறைக்கு நானும் உடன்படுகிறேன், பித்தளைக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அலுமினிய பர்னர் வைத்திருப்பவர்கள் சோடா மாவு போட்டு ஊறவைக்க வேண்டாம். கருத்து, பொடி உதிரும். காயவைக்கும் விஷயத்தில் நீங்கள் சொன்னது மிக முக்கியம். கண்களில் தண்ணீர் நின்றால் சில கண்கள் பற்றாது, பற்றினாலும் தீ ஆரஞ்சாகத் துள்ளும்.

ஊசியைப் பற்றி மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை. உங்கள் கை மென்மையானது, ஊசியும் துளையைவிட மெல்லியதாக இருந்திருக்கும், அதனால் கெடவில்லை. ஆனால் இதைப் படிக்கும் பத்துப் பேரில் ஒருவர் கோணி ஊசியை எடுப்பார். ஜெட்டில் உண்மையிலேயே ஏதாவது அடைத்திருந்தால், அது குழாயின் ரப்பர்த் துகளோ, நாப்பிலிருந்து இறங்கிய பிசினோதான். கழற்றி, மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவைத்து, பின்பக்கத்திலிருந்து ஊதி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டினால் போய்விடும். அதற்கும் அசையாவிட்டால், பல இழை மின்கம்பியில் இருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி விடலாம். செம்பு மென்மையானது, பித்தளையைச் சுரண்டாது. அதிலும் போகவில்லை என்றால் புது ஜெட் வாங்குவதுதான் சரி.

பிசின் என்றேனே, அதன் காரணம் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். நாப் கடினமாகிவிட்டது என்று வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். முதல் வாரம் வழுக்கிக்கொண்டு திரும்பும், பிறகு சூட்டில் கெட்டியாகி முன்பைவிட இறுகும், கொஞ்சம் உள்ளே இறங்கி ஜெட்டின் வாயில் போய் நிற்கும். வால்வுக்கென்று உள்ள சூடு தாங்கும் கிரீஸைத்தான் போட வேண்டும், அதையும் வால்வைப் பிரிக்கத் தெரிந்தவர்தான் போட வேண்டும்.

அடுப்பைத் தவறாகச் சந்தேகிக்காமல் இருக்கவும் சில அடையாளங்கள் உண்டு. ஒரே ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தால், அதன் மிக்ஸிங் டியூபில் பொங்கிய கஞ்சியோ, பூச்சிக் கூடோ இருக்கும். குறிப்பாக நாள் கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் சிலந்தி உள்ளே கூடு கட்டியிருக்கும். எல்லா பர்னரும் ஒரே நாளில் சோம்பினால் ரெகுலேட்டரையோ மடங்கிய குழாயையோ பாருங்கள். சிலிண்டர் தீரப் போகும் கடைசி ஒன்றிரண்டு நாளில் தீ லேசாகச் சிவப்பேறுவது இயல்பு. உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் தீ சற்று நேரம் ஆரஞ்சாக இருப்பதும் உப்பால் வருவதுதான். அணைக்கும்போது டப் என்று சத்தம் கேட்டால் பர்னர் தலை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே உஸ் என்ற ஓசையோடு ஜெட்டின் வாயிலேயே தீ பிடித்திருந்தால் உடனே மூடி, ஆறவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அது அடிக்கடி நேர்ந்தால் அந்த பர்னரைப் பயன்படுத்தாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

தாமிரபரணிக் கரை

செம்பு இழை யோசனையை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஊசியை எடுத்து வைத்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் விஷயம் எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. நடு நாப் இறுகியதற்கு இன்றுதான் காரணம் தெரிகிறது.

வடவள்ளி வாசி (பத்து நாள் கழித்து)

முடிவைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். மாடல் எண்ணை அனுப்பிய நான்காம் நாள் ஜெட்டுகள் வந்தன. பெரியதில் 78, நடுவில் 70, சின்னதில் 62 என்று எண்கள் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. சேவை மையத்திலிருந்து வந்தவர் மாட்டினார், டேப் எதுவும் சுற்றவில்லை. சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் ஜெட்டுகளின் கழுத்தில் குமிழ் இல்லை. ஆனால் மும்பையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் குழாயின் முனையில் ஒரு சிறிய குமிழ் வந்தது. அதில் அச்சிட்டிருந்த ஆண்டைப் பார்த்தால் ஐந்து வருடக் கெடு தாண்டியிருந்தது. உடனே புதுக் குழாய் மாற்றிவிட்டோம்.

தீ இப்போது பர்னரின் கண்கள் ஒவ்வொன்றிலும் சிறிய நீல மொட்டுகளாக நிற்கிறது. இட்லிக் கொப்பரையைத் தேய்த்துக் கழுவி வைத்தேன், பத்து நாளாக அடியில் கரி இல்லை. சிம்மில் பால் பொங்கவில்லை என்பதால் வால்வை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பழைய ஜெட்டுகளை மீண்டும் யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காக, குழாய் எரிவாயுவுக்குத் துளையிட்டுக் கெட்டவை என்று சீட்டு எழுதி ஒரு கவரில் போட்டு, கழிவுப் பித்தளையோடு சேர்த்துவிட்டேன். எங்கள் தெருவுக்குக் குழாய் வரும் நாளில், இந்தப் புது ஜெட்டுகளைக் கழற்றி என் கையில் கொடுத்த பிறகுதான் வேறு ஜெட்டை மாட்ட விடுவேன். பழைய ஸ்பேனர் ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.